முறை மாறிய தூக்கம்

மரபணு ஆலோசகர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ரத்த மாதிரி அனுப்பவும் அறிக்கை படிக்கவும் கற்றுத்தர ஆட்கள் இருக்கிறார்கள். அதில் நான் சொல்வதற்குப் புதிதாக ஏதுமில்லை. நான் ஓய்வு பெற்ற பிறகு சோதனைகளே எவ்வளவோ மாறிவிட்டன. நான் எழுத நினைப்பது, மாதிரி கிளம்பிப் போன பிறகு அறிக்கை திரும்பி வரும் வரை இருக்கும் காலத்தைப் பற்றி. நம்மைத் தேடி வருகிறவர்களுக்கு அது காத்திருக்கும் காலம் மட்டும் அல்ல. அதற்குள் அவர்களுடைய வீட்டில் என்னென்னவோ நடந்து முடிந்துவிடும். கையில் எதுவும் இல்லாமல் நாம் முடிவெடுக்க வேண்டியிருப்பதும் அப்போதுதான்.

தேதி போடாமல் எழுதி எனக்குப் பழக்கமில்லை. ஆனால் நம் துறையில் தேதியும் ஊரும் நோயின் பெயரும் ஒரே பக்கத்தில் சேர்ந்தால் ஒரு குடும்பத்தைக் கை நீட்டிக் காட்டியதாகிவிடும். ஆகவே ஆட்களின் பெயரை மாற்றியிருக்கிறேன். காலத்தைத் தண்ணீரையும் பயிரையும் வைத்துச் சொல்கிறேன். நோயின் பெயர் இரண்டு ஆய்வாளர்களின் பெயர்களைச் சேர்த்து வைத்தது. அடையாளங்களைப் படிக்கும்போதே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

அது மேட்டூரில் தண்ணீர் குறைவாக இருந்த வருடம். ஆறுகளில் முறை வைத்து, மாற்றி மாற்றித்தான் விட்டார்கள். ஆனி மாதக் கடைசியில், கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேருமா சேராதா என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த வாரத்தில், ஒரத்தநாட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஆறு வயதுப் பெண் குழந்தையை நாங்கள் இருந்த மருத்துவமனைக்குக் கூட்டிவந்தார்கள். கூட்டிவந்தவர் குழந்தைகள் நலக் குழுவின் களப் பணியாளர். குழந்தையின் தாய் ஸ்டெல்லா கூடவே வந்தார். பின்னால் வேறு பேருந்தில் அத்தை வந்தார், அதாவது தகப்பனின் அக்கா. அவர் பெயரைச் செலின் என்று வைத்துக்கொள்வோம். தகப்பன் வெளிநாட்டில் வேலை. வயல்களைப் பார்த்துக்கொள்வது செலின்தான்.

தாய் குழந்தையைத் துன்புறுத்துவதாகக் குழுவிடம் புகார் கொடுத்தவரும் செலின்தான். அதை அவர் மறைக்கவில்லை.

"நான்தான் போன் பண்ணேன் மேடம். எந்தப் பச்சப்புள்ளயாவது மத்தியானச் சாப்பாட்டுல, வாயில சோறு இருக்கையிலயே தூங்கிப் போகுமா? நகத்தப் பாருங்க. ரெண்டு கையிலயும் நகமே இல்ல. முன்கையில பல்லுப் பட்ட தழும்பு. கேட்டா அதுவே கடிச்சுக்குதுங்கிறா. தூக்க மருந்து குடுத்துப் போட்டுட்டு இவ போன் பேசிக்கிட்டு இருக்கா. தம்பி அங்க கெடந்து கஷ்டப்படறான்."

ஸ்டெல்லா உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டிருந்தார். குழந்தை ஜெனி விழித்திருந்தாள். மேசை மேலிருந்த மாத இதழை எடுத்து, விரலை நக்கிப் பக்கங்களைச் சரசரவென்று தள்ளிக்கொண்டிருந்தாள். படம் பார்ப்பதற்காக இல்லை, தள்ளுவதற்காகத் தள்ளினாள். நான் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். சிரித்ததும் இரண்டு கைகளாலும் தன்னையே இறுக்கிக் கட்டிக்கொண்டு உடம்பு முழுக்க ஒரு குலுக்குக் குலுக்கினாள். பிறகு, "ஒங்க பேரு என்னா?" என்று கரகரத்த குரலில் கேட்டாள்.

அகன்ற முகம், உள்ளடங்கிய நடுமுகம், கரகரப்பு, நகம் பிடுங்கல், பக்கம் தள்ளல், தன்னைத்தானே கட்டிக்கொள்ளல். ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிதில்லை. எல்லாம் ஒரே குழந்தையிடம் இருந்தால் பதினேழாம் குரோமோசோமில் ஒரு குறிப்பிட்ட இடத்தை நினைக்காமல் இருக்க முடியாது. அந்த இடத்தில் சிறு துண்டு ஒன்று இல்லாமல் போனால், அதற்குள் இருக்கும் ஆர்.ஏ.ஐ.1 என்ற மரபணுவின் ஒரு பிரதியும் போய்விடும். அந்த மரபணு மற்ற பல மரபணுக்களை நடத்தும் மேஸ்திரி மாதிரி. உடம்புக்குள் இருக்கும் கடிகாரமும் அதன் கீழ் வருகிறது. அது பாதியாகக் குறைந்தால் தூக்கத்துக்கான மெலடோனின் என்ற ஹார்மோன் இரவில் சுரப்பதற்குப் பதிலாகப் பெரும்பாலும் பகலில் சுரக்கிறது. பிள்ளை பகலில் சாய்ந்துவிடும், இரவில் எழுந்து உட்கார்ந்துகொள்ளும். ஏன் இப்படித் தலைகீழாகிறது என்பது இன்றைக்கும் முழுதாகத் தெரியாது.

நான் சந்தேகத்தைச் சொல்ல வாயெடுக்கும் முன்பே களப் பணியாளர் ஒரு உறையைப் பிரித்தார். "மேடம், இந்தப் பாப்பாவுக்கு ஏற்கெனவே குரோமோசோம் டெஸ்ட் எடுத்திருக்காங்க. இங்கதான். நார்மல்னு இருக்கு."

கேரியோடைப் அறிக்கை, அதாவது குரோமோசோம்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தது. நார்மல் என்றுதான் இருந்தது. அதில் பிழை எதுவும் இல்லை. அந்தச் சோதனையின் கண்ணுக்கு இவ்வளவு சிறிய இழப்பு பெரும்பாலும் தெரியாது. கீழே எங்கள் துறைத் தலைவரின் கையெழுத்து.

"சார் பாத்துட்டு, ஒண்ணுமில்லம்மா, போயிட்டு வான்னாங்க," என்றார் ஸ்டெல்லா. அவர் அன்று பேசிய முதல் வார்த்தை அது. "எனக்கு அன்னைக்குச் சந்தோஷம். வீட்டுல போய்ச் சொன்னேன். ஒண்ணுமில்லையாம்னு. அதுக்கப்புறந்தான் மேடம் எல்லாம் ஆரம்பிச்சுது."

அது எப்படி என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். நம் ஊரில் மருத்துவர்கள் ஆறுதலாகச் சொல்லும் சொல் அது. பயந்து வந்தவரின் தோளைத் தட்டுகிற மாதிரி, "ஒண்ணுமில்லை." நாம் சொல்ல நினைப்பது, இந்தச் சோதனையில் தெரியவில்லை என்பது. கேட்பவர் வீட்டுக்கு எடுத்துப் போவது, பிள்ளைக்குக் குறையே இல்லை என்பது. பிள்ளைக்குக் குறை இல்லாமல் பிள்ளை இப்படி இருந்தால், குறை வளர்ப்பவளிடம்தான் இருக்க வேண்டும். செலினின் புகாரில் தர்க்கம் சரியாகத்தான் இருந்தது. அந்தத் தர்க்கத்தின் முதல் வரி எங்கள் துறையிலிருந்து போயிருந்தது.

அந்தச் சொல்லை நீங்கள் பயன்படுத்தாதீர்கள். "இந்தச் சோதனையில் தெரியவில்லை" என்று சொல்லுங்கள். கேட்பவரின் முகம் வாடும். பரவாயில்லை.

துறைத் தலைவரைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். எனக்கு இந்த வேலையைச் சொல்லித்தந்தவர். கோபக்காரர், அதைவிட இரக்கக்காரர். நான் அறிக்கையை எடுத்துப் போய் அவர் முன் வைத்தேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த அம்மாவ எனக்கு ஞாபகம் இருக்கு," என்றார். "வெளியில அத்தன கூட்டம். ரிப்போர்ட்டப் பாத்தேன், ஒண்ணுமில்லன்னு சொல்லி அனுப்பிட்டேன்." அறிக்கையை என் பக்கம் தள்ளினார். "மைக்ரோஅரேக்கு அனுப்பு, சின்ன இழப்பும் அதுல தெரியும். இன்னைக்கே."

"அனுப்பறேன் சார். ரிசல்ட் வர வாரக்கணக்காகும். குழு விசாரணை அதுக்கு முன்னாடியே வருது."

"விசாரணையில என்ன முடிவெடுப்பாங்க?"

"சந்தேகம் தீரலன்னா புள்ளைய குழந்தைகள் இல்லத்துக்கு அனுப்பலாம்."

அதுதான் அப்போது கேள்வி. இரவெல்லாம் விழித்திருந்து, நகத்தைப் பிடுங்கி, தன் கையைத் தானே கடித்துக்கொள்ளும் ஒரு குழந்தையை, அவளைத் தெரியாதவர்கள் இருக்கும் இல்லத்தில் கொண்டுபோய் விடுவது. ஸ்டெல்லாவுக்கு அது என்னவாக இருக்கும் என்று நான் எழுதப் போவதில்லை.

மாதிரி எடுத்த அன்று ஸ்டெல்லாவைத் தனியாக உட்கார வைத்துப் பேசினேன். பேச ஆரம்பிக்கும் முன் ஒன்றைச் சொன்னேன். இங்கே பேசுவது வெளியே போகாது, ஆனால் பிள்ளையின் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது எதுவாக இருந்தாலும் அதை நான் குழுவிடம் சொல்லியாக வேண்டும் என்றேன். அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பேச்சு நடுவில் சொன்னால் பொறி வைத்துப் பிடித்த மாதிரி ஆகிவிடும்.

அவர் யோசித்தார். அதற்குப் பிறகும் சொன்னார்.

"மருந்து குடுத்தேன் மேடம்."

என்ன மருந்து என்று கேட்டேன்.

"மெடிக்கல்ல கேட்டு வாங்குனேன். அலர்ஜி மருந்து, குடுத்தா அசந்து தூங்கும்னாரு. சாயந்தரம் குடுப்பேன். எப்பவாவது. குடிச்சிட்டும் தூங்கல. கதவத் தெறந்துக்கிட்டு வெளியில போயிருச்சு ஒருநாள். வாய்க்கால்ல தண்ணி போய்க்கிட்டு இருந்துச்சு. அன்னைலேருந்து அதோட கால்ல என் பழைய தாவணியக் கட்டி, இன்னொரு முனைய என் கையில கட்டிக்கிட்டுப் படுக்கறேன். அதையும் செலின் அண்ணி பாத்துட்டாங்க. கட்டிப் போடறேன்னு சொல்றாங்க. கட்டித்தான் போடறேன். நான் என்ன சொல்றது?"

"குழுவுல மருந்து விஷயத்த நீங்களே சொல்லணும்."

"சொன்னா புள்ளைய எடுத்துருவாங்க."

"நீங்க சொல்லலன்னா நான் சொல்லியாகணும். நான் சொன்னா நீங்க மறைச்சதா ஆயிரும்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் வெறுப்பு இருந்தது. இருக்கத்தான் செய்யும். எழுந்து போய்விட்டார். விசாரணை வரை அந்த விஷயத்தைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் என்ன செய்யப்போகிறார் என்பது கடைசி வரை எனக்குத் தெரியாது.

இதைத் துறைத் தலைவரிடம் சொன்னபோது அவர் கையிலிருந்த பேனாவை மேசையில் போட்டார். "அப்ப முடிஞ்சுது. மருந்து குடுத்தேன்னு அந்த அம்மா வாயால சொன்னதும் கேஸ் முடிஞ்சுது. பேசாம நான் எழுதிக் குடுத்துடறேன். இந்தப் புள்ளைக்கு இன்ன நோய், இன்ன மரபணு, உறுதின்னு. முகத்தப் பாத்தாலே தெரியுதே. நான் செஞ்சத நானே சரி பண்ணிடறேன்."

"அறிக்கையில வேற மாதிரி வந்தா?"

"வராது."

"வந்தா, அந்த அம்மாவுக்காக நாம பொய் எழுதுனதா ஆயிரும் சார். அப்புறம் அவங்க சொல்ற எதையும் எவரும் நம்ப மாட்டாங்க. ஏற்கெனவே ஒரு தடவ தெரியாதத தெரிஞ்ச மாதிரி சொல்லித்தான் இங்க வந்து நிக்கிறோம்."

அவர் முகம் சிவந்தது. "நீ எனக்குச் சொல்லித் தர்றியா?" என்றார். நான் நின்றுகொண்டே இருந்தேன். சிறிது நேரம் கழித்து, "சரி. அப்ப உறுதியா என்ன சொல்ல முடியும், அத யோசி," என்றார்.

இந்த வேலையில் எனக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள கேள்வி அதுதான். மரபணுவைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. தூக்கத்தைப் பற்றிச் சொல்ல முடியும். தாய் கையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர்கூடப் போகாத இடத்தில் குழந்தை எப்படித் தூங்குகிறாள் என்று பார்க்கலாம். குழந்தையை வார்டில் சேர்த்தோம். உணவு, தண்ணீர் எல்லாம் செவிலியர் கையால் மட்டும்.

தாயை வளாகத்துக்குள்ளேயே விடக்கூடாது என்றார் துறைத் தலைவர். சோதனை என்று பார்த்தால் அவர் சொன்னது சரிதான். ஆனால் இந்தக் குழந்தைகளுக்குப் பெரியவர்களின் கவனம் மூச்சுக் காற்று மாதிரி. தாய் மறைந்தால் வருகிற கூத்தில் தூக்கம் கெட்டால், அது நோயால் கெட்டதா பிரிவால் கெட்டதா என்று எப்படிச் சொல்வது? ஆகவே வராந்தாவில், ஜன்னல் வழியாகத் தெரியும் இடத்தில் ஸ்டெல்லாவை உட்கார வைத்தோம். கண்ணுக்குத் தெரியலாம், கைக்கு எட்டக்கூடாது. குழந்தையைத் தொட விடாமல் ஸ்டெல்லாவை உட்கார வைத்தது அந்த வாரத்தில் நாங்கள் செய்த மிகக் கொடிய காரியம். முதல் நாள் ஜெனி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தியதை வார்டு முழுக்கக் கேட்டது. ஸ்டெல்லா இரண்டு கைகளையும் தன் தொடைக்கடியில் வைத்து அமர்ந்திருந்தார்.

மறுநாள் காலை பணி மாறும் நேரத்தில் போனேன். இரவுப் பணியில் இருந்த செவிலியர் என்னைக் கண்டதும் நாற்காலியிலிருந்து எழக்கூட இல்லை.

"மேடம், இனிமே என்னைய ஐசியூவுல போடுங்க, பிரசவத்துல போடுங்க, இங்க போடாதீங்க. கோழி கூவறதுக்கு ரொம்ப முன்னாடியே எந்திரிச்சு ஒக்காந்துக்கிச்சு. நான் செத்த கண்ண மூடுனா, 'சிஸ்டர், தூங்காத'ன்னு அதட்டுது. கெழவி கொரலு. பக்கத்துப் பெட் அம்மா சிரிச்சிட்டாங்க."

"நகம்?"

அவர் சிரிப்பு நின்றது. "கண்ணு முன்னாடியே பிடுங்குச்சு மேடம். ரத்தம் வருது, அழவே இல்ல. நான் கையப் புடிச்சதுக்குத்தான் அழுதுச்சு."

மதியம் நான் போனபோது ஜெனி கையில் பிஸ்கட்டோடு தூங்கிக்கொண்டிருந்தாள். அடுத்தடுத்த நாட்களும் அப்படியே. செவிலியர்கள் மாறினார்கள், தூக்கம் மாறவில்லை.

விசாரணை ஆடி மாதத்தில், தஞ்சாவூரில் ஒரு சிறிய கூடத்தில் நடந்தது. பகல் உச்சி வேளை. குழுத் தலைவி வழக்கறிஞராக இருந்தவர். நிதானமானவர், ஒரு கேள்விக்குப் பதில் வராமல் அடுத்த கேள்விக்குப் போகமாட்டார். ஜெனி உள்ளே நுழைந்தபோதே தள்ளாடினாள். ஸ்டெல்லாவின் மடியில் சாய்ந்தவள் சற்று நேரத்தில் வாய் திறந்து தூங்கிப்போனாள். பக்கத்து அறையில் நாற்காலி விழுந்த சத்தத்துக்கும் அசையவில்லை.

தலைவி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "காலையில என்னம்மா குடுத்தே?"

"இட்லி."

"வேற?"

"இன்னைக்கு வேற எதும் இல்லங்க."

"இன்னைக்கு இல்லன்னா?"

ஸ்டெல்லா என் பக்கம் திரும்பவில்லை. தூங்கும் பிள்ளையின் தலையில் கை வைத்துக்கொண்டு, அலர்ஜி மருந்து, மெடிக்கல், சாயந்தரம், தாவணிக் கட்டு எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல உறுப்பினர் ஒருவர் எழுதிக்கொண்டே இருந்தார். செலின் மெல்ல, "நான் சொன்னேன்ல," என்றார். அதில் வெற்றி இல்லை. அவர் கண்கள் கலங்கியிருந்தன. அவர் நினைத்தது உண்மையாகாமல் போயிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும் என்று எனக்கு அப்போது தோன்றியது.

தலைவி எங்கள் பக்கம் திரும்பினார். "உங்க ரிப்போர்ட்டே நார்மல்னு சொல்லுது. அம்மாவும் மருந்து குடுத்தேன்னு சொல்லிட்டாங்க. நீங்க என்ன சொல்லப் போறீங்க?"

துறைத் தலைவர் எழுந்தார். "அந்த ரிப்போர்ட்டப் பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு சொன்னது நான்தான். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அந்த டெஸ்ட்டுக்கு இந்த அளவு சின்ன இழப்பு தெரியாது."

"அப்ப இது பரம்பரை நோய்தான்னு இப்ப எழுதிக் குடுப்பீங்களா?"

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். அவர் கை சட்டைப் பையிலிருந்த பேனாவுக்குப் போனதை நான் பார்த்தேன். பேனாவை எடுக்கவில்லை.

"இல்லைங்க. ரிசல்ட் வரல. எனக்குச் சந்தேகம் பலமா இருக்கு. உறுதி இல்ல."

"உறுதி இல்லாம நான் எத வெச்சுப் புள்ளைய இவங்ககிட்ட அனுப்பறது?"

 நான் எழுந்து, செவிலியர்கள் அவள் தூக்கத்தைக் குறித்து வைத்த வார்டு அட்டையைத் தலைவி முன் வைத்தேன். மரபணுவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. எங்கள் வார்டில் எங்கள் கையைத் தவிர வேறு கையால் எதுவும் இந்தக் குழந்தைக்குப் போகவில்லை, அப்போதும் பகலில் இப்படித்தான் தூங்கினாள், இரவில் எழுந்து உட்கார்ந்தாள், நகத்தை அவளே பிடுங்கியதைச் செவிலியர்கள் பார்த்தார்கள் என்றேன். அம்மா கொடுத்த மருந்து தவறு, அதை நிறுத்த வேண்டும். ஆனால் இந்தப் பகல் தூக்கம் அந்த மருந்தால் வந்ததில்லை. இவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும் என்றேன்.

"பின்ன எதனால?" என்று கேட்டது தலைவி அல்ல, செலின்.

துறைத் தலைவர் விளக்க ஆரம்பித்தார். ஹார்மோன், மூளை, ஒளி, கடிகாரம். அவர் விளக்கம் நீண்டுகொண்டே போனது. உறுப்பினர்கள் தலையாட்டினார்கள், புரிந்து ஆட்டவில்லை. செலின் மட்டும் நெற்றியைச் சுருக்கிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இருங்க சார்," என்றார். "தூக்கத்துக்குண்டான தண்ணி ஒடம்புல இருக்கு. கொறச்சலா இல்ல. அப்படித்தானே?"

"ஆமா."

"ராத்திரி வரவேண்டியது பகல்ல வருது."

"ஆமாம்மா. அதேதான்."

"முறை மாறிப்போச்சு."

அந்த வருடம் அவர் வாய்க்கால் மேட்டில் நின்று பகல் முறைக்கும் இரவு முறைக்கும் சண்டை போட்டுக்கொண்டிருந்தவர். இந்தச் சொல்லை யாரும் அவருக்கு விளக்க வேண்டியதில்லை. பொழுதுபோக்காகப் பழைய கல்வெட்டுப் பாடங்களைப் படிக்கிறவள் நான். வாய்க்கால் தண்ணீரை முறைப்படுத்தும் ஏற்பாடுகள் அவற்றிலும் உண்டு. ஆனாலும் பல வருடம் இந்தக் கோளாறைப் பற்றிப் பேசியவளுக்கு இந்தச் சொல் ஒருமுறையும் தோன்றியதில்லை.

"அப்ப மடைய இவ தெறக்கல," என்றார் செலின்.

"யாருமே தெறக்கலம்மா. அது தானா அப்படி இருக்கு. நாங்க நெனக்கிறது சரின்னா," என்றார் துறைத் தலைவர்.

செலின் உட்கார்ந்துவிட்டார். தலைவி சிறிது நேரம் அட்டையைப் புரட்டினார். ரிசல்ட் வரும் வரை முடிவைத் தள்ளி வைக்கலாம், ஆனால் அதுவரை வீட்டில் இன்னொரு பெரியவர் பொறுப்பில் இல்லாமல் குழந்தையை அனுப்ப முடியாது என்றார். ஸ்டெல்லாவுக்குப் பெற்றோர் இல்லை. கணவர் வர மாதமாகும். தலைவி பேனாவைக் கையில் எடுத்தார்.

"அண்ணி வரட்டும்," என்றார் ஸ்டெல்லா.

எல்லோரும் அவரைப் பார்த்தோம்.

"அவங்க வந்து எங்கூட இருக்கட்டும். நான் என்ன பண்றேன்னு பாக்கட்டும். பகல்ல நான் பாத்துக்கறேன், ராத்திரியும் நான்தான் பாத்துக்கறேன். அவங்க பாத்துக்கிட்டு இருந்தாப் போதும்."

"புகாரை வாபஸ் வாங்கறீங்களா?" என்று தலைவி செலினைக் கேட்டார்.

"வாங்க மாட்டேங்க. நான் கண்டதத்தான் சொன்னேன். மருந்து குடுத்தா, அது தப்புதான்." பிறகு ஸ்டெல்லாவைப் பார்க்காமல், "ஆனா போய் இருக்கேன்," என்றார்.

அந்த ஒரு வார்த்தையால் ஜெனி இல்லத்துக்குப் போகாமல் தாயிடமே இருந்தாள். நாங்கள் ஜெயித்தோம் என்று துறைத் தலைவர் நினைக்கவில்லை. பேருந்து நிலையம் வரை என்னோடு நடந்து வந்தார். "எழுதிக் குடுத்திருந்தா அந்த அம்மா சொன்னத எவனும் காதுல வாங்கியிருக்க மாட்டான்," என்று மட்டும் சொன்னார். அவசரத்தில் ஒருவரைக் காப்பாற்ற நீங்கள் பொய் எழுத நேரும்போது, அந்தப் பொய் அவர்கள் சொல்லும் உண்மைக்கும் சேர்த்து மூடி போட்டுவிடும். அதை நினைத்துப் பாருங்கள்.

அறிக்கை புரட்டாசியில் வந்தது. குறுவை அறுத்துக் களத்துக்கு வந்த சமயம். நாங்கள் நினைத்தது சரி: சந்தேகப்பட்ட இடத்தில், சந்தேகப்பட்ட துண்டு காணாமல் போயிருந்தது. இனி காலையில் அந்த ஹார்மோனை அடக்க ஒரு மருந்து, மாலையில் அதையே வெளியிலிருந்து கொடுப்பது என்று மருத்துவ மேற்பார்வையில் முயன்று பார்க்கலாம். அது எல்லோருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யாது. குழுவுக்கு அன்று மாலையே கடிதம் போக வேண்டும். அதற்கு முன் ஸ்டெல்லாவிடம் சொல்ல வேண்டும்.

அறிக்கை வந்துவிட்டது, மாலைக்குள் குழுவுக்குக் கடிதம் போக வேண்டும், வாருங்கள் என்று மட்டும் காலையில் ஸ்டெல்லாவுக்குப் போனில் சொல்லியிருந்தேன். மதியம் என் அறைக்கு வந்தார்கள். செலின் குழந்தையைத் தோளில் போட்டிருந்தார். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள். செலினின் முன்கையில் புதிதாகப் பல் தடம் இருந்தது. என் பார்வை அங்கே போனதைக் கண்டு, "நேத்து விடியக்காலைல. என்னையும் விடல," என்றார்.

ஸ்டெல்லா சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்தார். நீண்ட முன்னுரை வேண்டாம் என்பது என் வழக்கம்.

"ஸ்டெல்லா, ரிசல்ட் வந்துருச்சு. நாங்க சந்தேகப்பட்டதுதான். இது நீங்க செஞ்ச எதனாலயும் வந்தது இல்ல."

"இன்னொரு தடவ சொல்லுங்க மேடம்."

சொன்னேன்.

அவர் தலையை ஆட்டினார். அறிக்கையின் முதல் பக்கத்தை எடுத்து, படத்தைக் காட்டுவதற்காக அவர் பக்கம் திருப்பினேன். நிமிர்ந்தபோது அவர் தலை சுவரில் சாய்ந்திருந்தது. மயக்கமோ என்று எழுந்து போய்ப் பார்த்தேன். மூச்சு சீராக இருந்தது. தூங்கியிருந்தார்.

செலின் குனிந்து அவர் தோளைத் தொடப் போனார். நான் கையைக் காட்டித் தடுத்தேன்.

"குழுவுக்கு லெட்டர் போகணும்னீங்களே."

"போகும். பொழுது இருக்கு."

செலின் குழந்தையை அடுத்த தோளுக்கு மாற்றினார். குரலைத் தாழ்த்தினார். "மேடம், ஒண்ணு மட்டும். இது எங்க பக்கத்துலேருந்து வந்துச்சா, அவ பக்கத்துலேருந்தா? தம்பி காலைலேருந்து அதத்தான் கேட்டுக்கிட்டு இருக்கான்."

அதற்கு என்னிடம் பதிலில் ஒரு பாதி இருந்தது. இது பெரும்பாலும் பிள்ளையிடமே புதிதாக நேர்வது, உறுதியாகச் சொல்லத் தாய் தகப்பன் இருவரையும் சோதிக்க வேண்டும் என்பது அந்தப் பாதி. அதைச் சொன்னால் செலினுக்கும் தம்பிக்கும் உடனே மனம் ஆறும். ஆனால் புகார் போனதிலிருந்து அந்த வீட்டில் எல்லா விவரமும் ஸ்டெல்லாவைத் தாண்டிப் போய் மற்றவர்களுக்குத்தான் முதலில் கிடைத்திருந்தது.

"அவங்க முழிச்சதும் அவங்ககிட்டதான் மொதல்ல சொல்லணும்."

"நான் புள்ளையோட அத்த மேடம்."

"ஆமா. அம்மா தூங்கறாங்க."

அவர் முகம் இறுகியது. எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். அப்போது அவர் கைப்பையில் போன் அதிர்ந்தது. குழந்தையை அணைத்தபடி ஒரு கையால் எடுத்துப் பார்த்தார். வெளிநாட்டு எண். துண்டித்தார். மறுபடி அடித்தது. மறுபடி துண்டித்துத் திரையைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு காலால் தன் நாற்காலியைச் சத்தமில்லாமல் நகர்த்தி, ஜன்னல் வெயில் ஸ்டெல்லாவின் முகத்தில் விழாதபடி குறுக்கே உட்கார்ந்தார்.

நான் அறிக்கையை மூடி வைத்தேன்.